அடுத்த உறை

இயேசு மரி சூசை துணை

கச்சிராயபாளையம்
14.9.1987

பாசமுள்ள தங்கை பவுலினுக்கு அண்ணன் வியாகுலம் எழுதுவது.

உணவுக்குழாய்ப் புற்றுக்கு நீ நர்சாக இருக்கும் ஆஸ்பத்திரியில் கரண்டு வைத்துத் திரும்பி இரண்டு மாதமாகிறது. இன்னமும் கஞ்சிதான் இறங்குகிறது. நேற்று கள்ளக்குறிச்சியில் எலவனாசூர்கோட்டை சின்னராசுவைப் பார்த்தேன். என்னோடு அதே நாளில் சேர்ந்தவர். ஓட்டலில் இட்லி தின்றுகொண்டிருக்கிறார்! "இன்னாங்க, உங்களுக்கு ஊசி போடலியா?" என்கிறார். அவருக்கு மட்டும் கரண்டோடு ஊசியும் எப்படி? இங்கே இட ஒதுக்கீட்டில் எந்தச் சாதிக்கு எத்தனை சதவீதம் என்றுதான் ஊரெல்லாம் பேச்சு. ஊசிக்கும் அப்படி உண்டா?

வியாகுலம்

சென்னை
17.9.1987

அன்புள்ள அண்ணா,

கோபப்படாதீங்க. கரண்டு என்று நீங்கள் சொல்லும் கதிர்வீச்சோடு புற்றுநோய் ஊசியும் சேர்த்தால் கூடுதல் குணம் தெரியுமா என்பது டாக்டர்களுக்கே தெரியாது. அதற்குத்தான் இந்த ஆராய்ச்சி. நீங்களும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டீர்கள். யாருக்கு எது என்பது ஒட்டிய உறைக்குள் இருக்கும். டாக்டர் வரிசைப்படி பிரிப்பார். சாதியும் கிடையாது, சிபாரிசும் கிடையாது. நான் அந்த அறையிலேயே இல்லை. அண்ணியைக் கஞ்சியில் நெய் விடச் சொல்லுங்கள்.

உங்கள் பவுலின்

கச்சிராயபாளையம்
30.9.1987

பவுலினுக்கு,

ஒதுக்கீடு கேட்டு நடந்த மறியலில் ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டதால் உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. இரண்டு உறையையும் பிரித்தது பவுலின் சிஸ்டர்தான் என்று சின்னராசு அடித்துச் சொல்கிறார். ஏன் பொய் சொன்னாய்? உன் கல்யாணத்துக்கு நான் வராத கோபமா? இத்தனை வருஷம் மனசில் வைத்திருந்தா பழிவாங்கினாய்?

வியாகுலம்

சென்னை
5.10.1987

அண்ணா,

உறை பிரிக்கும் வேலையை டாக்டர் என்னிடம்தான் விட்டிருந்தார். உங்கள் உறையில் ஊசி என்றுதான் இருந்தது. அதற்கு முந்தின வாரம் ஊசி போட்ட இரண்டு பேர் காய்ச்சல் கண்டு இறந்துபோனார்கள். அடுத்த உறையைப் பிரித்தேன். வெறும் கரண்டு. அதை உங்கள் பெயரில் எழுதிவிட்டு, உங்களுடையதைச் சின்னராசுவுக்கு எழுதினேன். அவர் செத்தால் பரவாயில்லை என்றுதானே அதற்கு அர்த்தம்? கோபமில்லை அண்ணா, பயம். டாக்டருக்குக்கூடத் தெரியாது.

பவுலின்

கச்சிராயபாளையம்
12.10.1987

தங்கச்சி,

நீ இல்லவே இல்லை என்று எழுதியிருந்தால் நம்பியிருப்பேன். நீ மறுக்கவேண்டும் என்றுதான் அவ்வளவு கடுமையாகக் கேட்டேன். உன் கடிதத்தை அண்ணியிடம் காட்டவில்லை. சின்னராசுவிடமும் வாய் திறக்கவில்லை. அந்த மனுஷன் எனக்கும் ஊசி போடச் சொல்லி உன்னிடம் வந்து கெஞ்சுகிறேன் என்கிறார்.

எங்களைப் பார்த்துத்தானே நாளைக்கு வருகிறவர்களுக்கு எது நல்லதென்று முடிவு செய்வார்கள்? வேறு எத்தனை உறையில் கை வைத்தாய் என்று இனி நானே சந்தேகப்படுவேன். இருபத்தாறாம் தேதி பரிசோதனைக்கு வருகிறேன். அதற்குள் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு. சொல்லி வேலை போனால் இங்கே வந்து இரு, நான் இருக்கும்வரை சோறு போடுகிறேன். சொல்லாமல் என் முகத்தில் விழிக்காதே.

அண்ணன்
வியாகுலம்