மாமனார் வரைந்த கை

மார்ச் 3, செவ்வாய்

புது நோட்டு. முதலில் இதற்கு மாமனாரை அறிமுகப்படுத்திவிட வேண்டும். தையல் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பழைய கம்ப்யூட்டர்தான் அவர். பட்டனை அழுத்தினால் முனகுவார், இருமுவார், யோசித்து யோசித்துக் கண் திறப்பார். இன்று ஆறு நிமிடம்.

"எங்கப்பாவ ஏன்டி இழுக்கற?" என்கிறார் இவர்.

"உங்கப்பா இதவிட லேட்டாத்தான் எழுந்திருப்பாரு."

துணி வெட்டுவதற்குப் பேட்டர்ன் வரைந்து தரும் இலவச புரோகிராம் எங்களுடையது. பன்னிரண்டு பேர், சம்பளம் இல்லை, ஆசைதான். ஆரம்பித்தது ஒரு பல் டாக்டரம்மா. புரோகிராமை எழுதுவது மற்றவர்கள். எழுதியது எல்லா வகைக் கம்ப்யூட்டரிலும் ஓட, ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாக பில்ட் செய்ய, அதாவது அதற்கேற்ற வடிவில் தயாரித்துச் சோதிக்க வேண்டும். பழைய வகைக்கு நான். சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்து நான்கு வரி தட்டிவிட்டுத் துணி வெட்டப் போவேன். திரும்பி வந்தால் திரையில் பச்சை, எல்லாம் சரி என்று அர்த்தம். அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்கு இது போதாதா?

மார்ச் 8, ஞாயிறு

சிவப்பு! சட்டையின் கை அளவு, எதிர்பார்த்த விடையோடு பொருந்தவில்லையாம். மற்ற எல்லா மெஷினிலும் பச்சை.

ஞாயிறு காலை எல்லாரும் போனில் கூடுவோம். அவசரம் பிடித்துக்கொண்டான். (புரோகிராம் எழுதுகிறவர்களில் ஒருவன். கேள்விக்குப் பதில் முடிவதற்குள் அடுத்த கேள்விக்குத் தாவுவான். நான் வைத்த பேர்.)

"அக்கா, உங்க ஒரு மெஷினுக்காக எல்லாரும் காத்துக்கிட்டு நிக்கறோம். பழைய வகைய இதோட விட்டுடலாம்."

"மாமனார் எங்கப்பா போவாரு?"

"ரிட்டயர் ஆகட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். அடுத்த ஞாயிறு முடிவு செய்யலாம் என்றார் டாக்டரம்மா.

மார்ச் 9, திங்கள்

சிரிச்சேனே தவிர — மாமனார் போனா நானும் போகணும்தானே? எனக்கு புரோகிராம் எழுத வராது. அந்தக் கூட்டத்துல எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான். அவன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. அதான் இன்னும் எரியுது.

மார்ச் 11, புதன்

பித்தான் தைக்கும்போது தோன்றியது: எதிர்பார்த்த விடை, எதிர்பார்த்த விடை என்கிறார்களே, எதிர்பார்த்தது யார்? அவசரத்தைக் கேட்டேன். புது மெஷின் கொடுத்த விடையையே சரியென்று எழுதிவைத்தானாம்.

"தைச்சுப் பாத்தியா?"

"அக்கா, எனக்கு ஊசில நூல் கோக்கவே தெரியாது."

டாக்டரம்மாவின் புது மெஷின் வரைந்த பேட்டர்னை அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 13, வெள்ளி

ஒரே சட்டை. இடது கை புது மெஷின் வரைந்தது, வலது கை மாமனார் வரைந்தது. எது யாருடையது என்று சொல்லாமல் இவருக்கு மாட்டிவிட்டேன்.

"ரெண்டு கையையும் தூக்குங்க."

வலது ஜோராகப் போனது. இடது தோளோடு நின்றுவிட்டது. அக்குளில் இழுத்து, சட்டை ஒரு பக்கம் மட்டும் மேலே ஏறி...

"என்னடி இது, பாதி சரணடைஞ்ச மாதிரி நிக்கறேன்!"

சிரித்துச் சிரித்துப் போட்டோ ஆடிவிட்டது. இன்னொன்று எடுத்தேன். தப்பு என் தையலிலோ என்று இடது கையைப் பிரித்து மறுபடி தைத்தேன். மறுபடியும் அதே இழுப்பு. மாமனாரே, உங்கள் காலைக் காட்டுங்கள், விழுகிறேன்!

மார்ச் 15, ஞாயிறு

போட்டோவைக் குழுவுக்கு அனுப்பினேன். அவசரம் முதல்முறையாக அவசரப்படவில்லை. போனில் அவன் கீபோர்டைத் தட்டித் தட்டித் தேடும் சத்தம். பிறகு மெதுவாக, "அக்கா, தப்பு என்னுது."

கை அளவுக் கணக்கில் ஒரு இடத்தில் பூஜ்யத்திலிருந்து ஆரம்பி என்று சொல்லாமல் விட்டிருக்கிறான். புது மெஷின்களில் முந்தைய கணக்கின் மிச்சம் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாமனாரிடம் அந்த இடம் தற்செயலாகக் காலி.

"எங்க மாமனார் ரொம்ப சுத்தக்காரர்ப்பா."

"அப்படியே வெளியிட்டிருந்தா எத்தனை பேர் துணி பாழாயிருக்கும்!" என்றார் டாக்டரம்மா.

பழைய வகை தொடரும். பொறுப்பாளர் பட்டியலில் இத்தனை நாள் வெறும் கோடு இருந்த இடத்தில் இப்போது என் பெயர். நான்கு முறை போய்ப் பார்த்துவிட்டேன். எழுத்துப் பிழை இல்லை.

மார்ச் 16, திங்கள்

கையை மாற்றித் தருகிறேன் என்றாலும் இவர் அந்தச் சட்டையைக் கழற்றுவதில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் பாதி சரணடைந்து காட்டுகிறார்.

ஏப்ரல் 19, ஞாயிறு

மாமனார் படுத்துவிட்டால் என்ன செய்வது என்று அவசரத்துக்கு ஒரே கவலையாம். யாரோ கழித்துப்போட்ட பழைய மெஷினைத் தேடிப் பிடித்து, தன் வீட்டிலும் பில்ட் ஓட்ட ஆரம்பித்துவிட்டான். பல் தேய்ப்பதற்குள் போன்.

"அக்கா, இதுவும் முனகுது. என்ன பேரு வைக்கலாம்?"

"சம்பந்தின்னு வை."