அறுந்த பிடி

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதீர்கள்.

இங்கே ஒரு சின்ன விஷயம், கவலைப்பட ஒன்றுமில்லை. நாங்கள் ஆய்வகத்தில் ஆராயும் புரதத்தின் நடுவில் இரும்பு இருக்கிறது. நைட்ரிக் ஆக்சைடு வந்து அந்த இரும்பை ஒரு பக்கம் பிடித்தால், மறுபக்கத்தில் புரதம் பிடித்திருக்கும் பிடி தளரும். தளருமே தவிர அறாது என்பது என் கட்சி. அறுந்துவிட்டது என்று பக்கத்து மேசைக்காரி கூட்டத்தில் அளந்து காட்டினாள்.

"அமிலம் கூடிப்போச்சுன்னா எதுதான் அறாது? முதல்ல கரைசல் கலக்கக் கத்துக்கோம்மா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

"சரிங்கக்கா" என்று சொல்லிவிட்டு, அவள் பாடுபட்டுப் பிரித்தெடுத்த புரதத்தையெல்லாம் கொட்டிவிட்டாள்.

நேற்று என் குழாயிலும் அதே பிடி அறுந்தது. அமிலம் கூடித்தான் இருந்தது. ஆனால் அந்தக் கரைசலை எல்லாருக்குமாகக் கலக்கி வைத்தவள் நான்; அவளும் அதைத்தான் எடுத்திருக்கிறாள். அமிலம் அளக்கும் மீட்டரைச் சரிபார்க்காமல் அளந்திருக்கிறேன். அடுத்தவர் அளவை ஒருநாளும் நம்பாத நான்!

இன்று காலையும், "டீ போடட்டுமாக்கா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இங்கே குளிர் அதிகம். உங்கள் பழைய ஸ்வெட்டரை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்.

கூட்டத்துக்கு நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்கிறது. அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம்தான். ஆனால் சிரித்தவர்கள் எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள். போகிறேன்.

உங்கள் நான்