மிஞ்சிய ஒற்றைச் சுண்டெலி

செவ்வாய், ஸ்காபரோ

எங்கள் ஆய்வுகூடத்தில் நோயுற்றிருந்த சுண்டெலிகளின் மரபணுப் பரிசோதனை முடிவு இன்று மதியம் வந்தது. அவற்றுக்கு வந்தது தொற்று அல்ல, இரத்தப் புற்றுநோய். உயிர்க்கலம் பிரியுமுன் டிஎன்ஏ ஒரேயொரு முறை படியெடுக்கப்படுவதைக் கவனிக்கும் மரபணு, யாரும் கைவைக்காமல் தானாகவே மாறியிருக்கிறது. இப்படி எலிகள் கிடைப்பது அபூர்வம்; புற்றுநோய் எப்படித் தொடங்குகிறது என்று இவற்றில் பார்க்கலாம்.

எலிகளைப் பராமரிக்கும் சிவா அண்ணையிடம் ஓடினேன். முடிவைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"தொற்று பரவும் எண்டு இண்டைக்குக் காலமைதான் கூட்டுக்குள்ள விஷக் காஸ் விட்டு எல்லா எலியளையும் முடிச்சுப்போட்டன், பிள்ளை. உந்தப் பெட்டை எலி மட்டும்தான் மிச்சம்."

கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் தொற்றென்று சந்தேகம் வந்தால் எல்லாவற்றையும் கொல்வதுதானே ஆய்வுகூட விதிமுறை.

பெட்டையின் வயிறு உப்பியிருந்தது. குட்டிகளென்றால் அந்த மரபணு தப்பும். புற்றுநோயால் மண்ணீரல் வீங்கியதென்றால் இதுவும் சாகும், எல்லாம் இதோடு சரி. கையுறையோடு மெல்ல அழுத்தினேன். ஏதோ அசைந்தது. என் விரல் அசைந்ததாகவும் இருக்கலாம்.