இடது பெடலின் சத்தம்

திருமுக்கூடல்
9.9.2024

வசந்த்குமார் அவர்களுக்கு,

விலாசம் உங்கள் அக்கா தேவயானி அண்ணி கொடுத்தது. போன் நம்பரும் கொடுத்தார்கள், நான் வாங்கிக்கொள்ளவில்லை. உங்கள் குரலைக் கேட்டால் எனக்குப் பழைய கோபமெல்லாம் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள், போன் செய்ய வேண்டாம்.

விஷயம் நீங்கள் விட்டுவிட்டுப் போன சைக்கிள். ஜூன் மாதத்திலிருந்து பள்ளிக்கூடத்தில் காலை உணவு சமைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். நாற்பத்திரண்டு பிள்ளைகள். ஆறு மணிக்கு அடுப்பு எரிய வேண்டும். ஐந்து கிலோமீட்டர் அந்தச் சைக்கிளில்தான் போய் வருகிறேன். பத்து நாளாக 'டக் டக்' என்று ஒரு சத்தம். பாலத்து ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் அதிகம். இறக்கத்தில் மிதிக்காமல் விட்டால் சத்தமே இல்லை.

கடை என்றால் உத்திரமேரூர்தான் போக வேண்டும். அதற்கு எனக்கு ஒழியவில்லை. உங்கள் ஸ்பேனர் பெட்டி இங்கேதான் இருக்கிறது. எங்கே பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், நானே செய்துகொள்கிறேன். மற்ற கதை எதுவும் எழுத வேண்டாம்.

சுகிர்தா


ஓசூர்
16.9.2024

கர்த்தருக்குள் அன்பான சுகிர்தாவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்த பிறகு கடையில் எனக்கு வேலை ஓடவில்லை. இங்கேயும் சைக்கிள் கடைதான், கல்யாணத்துக்கு முன்னால் வாலாஜாபாத்தில் பார்த்த அதே வேலை. நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன், நலமாக இருக்கிறேன். வேறு கதை எழுதவில்லை.

முதலில் செயின். டீசலில் நனைத்த துணியால் அழுக்குப் போகத் துடை. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு எண்ணெய் விடு. பிறகு ஓட்டிப் பார். பெடல் ஒரு சுற்று சுற்றினால் சத்தம் எத்தனை தடவை வருகிறது, எந்தக் காலில் தெரிகிறது என்று கவனித்து எழுது. அவசரமில்லை, நிதானமாக எழுது.

நீ நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்குச் சமைக்கிறாய் என்பதை அடுத்த கடைக்காரரிடமும் சொல்லிவிட்டேன்.

வசந்த்


திருமுக்கூடல்
30.9.2024

வசந்த்குமார் அவர்களுக்கு,

எண்ணெய் என்றீர்கள், எந்த எண்ணெய் என்று சொல்லவில்லை. பூரி சுட்ட எண்ணெய் வடிகட்டி வைத்திருந்தேன், அதை ஊற்றினேன். மூன்றாம் நாள் செயின் முழுக்க எறும்பு. ஒரு நாய் பள்ளிக்கூடம் வரைக்கும் பின்னாலேயே வந்தது. கூடச் சமைக்கும் சிட்டம்மாள் அக்கா வாசலில் நின்று, "இன்னாடி, சைக்கிளயே தாளிச்சிக்கினு வர்றியா?" என்று கேட்டார். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, தையல் மிஷின் எண்ணெய் விட்டிருக்கிறேன்.

சத்தம் போகவில்லை. எண்ணிப் பார்த்தேன். ஒரு சுற்றுக்கு ஒரு தடவை. இடது கால் கீழே அழுத்தும்போது மட்டும், பாதத்திலேயே தட்டுகிற மாதிரி தெரிகிறது.

எழுத வேண்டாம் என்று நான்தான் சொன்னேன், நானே கேட்கிறேன். கம்பெனியில் வேலை போனதை ஏன் சொல்லவில்லை? நான் திட்டியா இருப்பேன்? ஆறு மாதம் விடியற்காலையில் எழுந்து டிபன் கட்டிக் கொடுத்தேன். நீங்கள் அதைத் தென்னேரி ஏரிக்கரையில் உட்கார்ந்து தின்றுவிட்டு, சாயந்திரம் களைத்த முகத்தோடு வந்தீர்கள். என் நைனா ஆஸ்பத்திரியில் கடைசியாக உங்களைத்தான் கேட்டார். கம்பெனிக்குப் போன் செய்தேன். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றார்கள். நைனா கண்ணை மூடினபோது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்றே எனக்குத் தெரியாது.

சுகிர்தா


ஓசூர்
9.10.2024

கர்த்தருக்குள் அன்பான சுகிர்தாவுக்கு,

வெட்கம்தான் காரணம். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இரண்டாம் நாள், நேற்று ஏன் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு நாளும் அது பெரிதாகிக்கொண்டே போனது. நைனாவை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. மன்னித்துவிடு என்று கேட்கும் தைரியம்கூட எனக்கு இல்லை.

சைக்கிளுக்கு வருவோம். செயின் கவரில் உரசுகிறதா என்று பார். உரசினால் கையால் வெளிப்பக்கம் லேசாக வளைத்துவிடு. அதிலும் போகாவிட்டால் பின் சக்கரத்தைக் கழற்றி பிரீவீலைத் துடைக்க வேண்டியிருக்கும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம். செய்துவிட்டு எழுது. கல்லறைத் திருநாளுக்கு நைனா கல்லறைக்கு வெள்ளையடித்தாயா என்றும் எழுது. மழை வந்தால் கூரையில் அந்த மூலை ஒழுகுமே, அதையும் எழுது.

வசந்த்


திருமுக்கூடல்
18.11.2024

மாமாவுக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது. மழை. பாலாற்றில் தண்ணீர் ஓடுகிறது. கூரையில் அந்த மூலை ஒழுகத்தான் செய்தது, தார்ப்பாய் போட்டிருக்கிறேன். நைனா கல்லறைக்கு வெள்ளையடித்து மாலை போட்டேன். உங்கள் பேரையும் சொல்லி ஜெபம் செய்தேன்.

செயின் கவரை வளைத்தேன். பின் சக்கரத்தை நானே கழற்றினேன், நம்புவீர்களா? பிரீவீலைத் துடைத்து எண்ணெய் விட்டுத் திரும்ப மாட்டிவிட்டேன். ஒரு போல்ட் மிச்சமாகிவிட்டது. பிறகுதான் அது மட்கார்டுக்கு என்று தெரிந்தது. தெருவில் பூஜா அவள் சைக்கிளையும் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள், "எனக்கும் பாத்துக் குடேன் அக்கா" என்று.

ஆனால் சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது. கொஞ்சம் அதிகம் என்றுகூடச் சொல்லலாம். பரவாயில்லை. உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படிக்கிறேன், ஒரு தடவை சைக்கிளுக்கு, ஒரு தடவை சும்மா.

கிறிஸ்துமஸுக்கு வாருங்கள். வந்தால் திரும்பிப் போக வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். இனிமேல் எதையும் என்னிடம் மறைக்காதீர்கள். நல்லதோ கெட்டதோ, அன்றைக்கே சொல்லிவிடுங்கள். வேலை இல்லாமல் இருந்தாலும் நான் பார்த்துக்கொள்வேன். தெரியாமல் இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியாது.

உங்கள்
சுகிர்தா


ஓசூர்
25.11.2024

கர்த்தருக்குள் அன்பான சுகிர்தாவுக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. மறைக்காதே என்றாய். அதனால் இதைச் சொல்லிவிடுகிறேன்.

சைக்கிளில் என்ன கோளாறு என்று உன் முதல் கடிதத்திலேயே எனக்குச் சந்தேகம். இடது காலில், சுற்றுக்கு ஒரு தடவை என்று நீ எழுதியபோது நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. செயினும் இல்லை, பிரீவீலும் இல்லை. காட்டர் பின். பெடல் தண்டை அச்சோடு பிடித்து வைத்திருக்கும் விரல் நீள ஆணி. அது தேய்ந்திருக்கிறது. மாற்றப் பத்து நிமிடம் போதும். அன்றைக்கே சொல்லியிருந்தால் சத்தம் நின்றிருக்கும், உன் கடிதமும் நின்றிருக்கும். அந்தப் பயத்தில்தான் ஒவ்வொன்றாகச் செய்யச் சொன்னேன்.

இனிமேல் அதில் ஏறாதே. கழன்றால் விழுந்துவிடுவாய். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருசப்பன் கடைக்கு ஏதாவது வண்டியில் ஏற்றிக்கொண்டு போ. அக்காவுக்குப் போன் செய்து சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தத் தடவையாவது நானே என் கையால் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். கடிதம் நாலு நாளில் வந்துவிடும்.

கிறிஸ்துமஸுக்கு லீவு சொல்லிவிட்டேன்.

உன்
வசந்த்


திருமுக்கூடல்
4.12.2024

மாமாவுக்கு,

இதை எழுதுவது உங்கள் அக்கா. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார்கள். முதலில் முடியாது என்று அழுதார்கள். எனக்கு வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு.

போன புதன்கிழமை காலை, பாலத்து ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தேன். இடது பெடல் காலோடு கழன்று போனது. பின்னால் வந்த பால் வண்டிக்காரர் பிரேக் போட்டதால் பிழைத்தேன். உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது.

ஆனால் அதற்கு முன்னாலேயே எனக்குத் தெரியும். சைக்கிளை அண்ணி வியாழக்கிழமையே இருசப்பன் அண்ணனிடம் கொண்டுபோனார்கள். அவர் பார்த்ததும், "காட்டர் பின்னு தேஞ்சி பூட்ச்சிம்மா. சத்தம் கேட்டா கொயந்த கூட சொல்லிடும். இத்தினி நாளா ஒருத்தர்கிட்டயும் கேக்கலியா?" என்றாராம். நான் கேட்டவர் யார் என்று அண்ணியால் சொல்ல முடியவில்லை.

போன் செய்ய வேண்டாம் என்று சொன்னது நான்தான். அந்தத் தப்பு என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்தில் கட்டுப் பிரிக்கும் வரைக்கும் வேறு ஆளைப் போட்டிருக்கிறார்கள். அதுகூடப் பெரிதில்லை. எலும்பு சேர்ந்துவிடும்.

ஆறு மாதம் மறைத்ததற்கு வெட்கம் என்றீர்கள். இந்த இரண்டு மாதம் மறைத்ததற்கு என் மேல் இருக்கும் ஆசை என்கிறீர்கள். இரண்டையும் நான் நம்புகிறேன். நீங்கள் கெட்டவர் இல்லை. நானும் உங்களை வெறுக்கவில்லை. போன வாரம் வரைக்கும் கிறிஸ்துமஸுக்கு உங்களுக்கு ஒரு சட்டை எடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வர வேண்டாம். கடிதமும் வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை, ஒரு வாரம் படுத்துக்கொண்டே யோசித்துவிட்டுத்தான் சொல்கிறேன். உங்கள் கடிதம் வந்தால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். படித்து முடித்ததும், இதில் எதை எழுதாமல் விட்டிருக்கிறார் என்று தேட ஆரம்பித்துவிடுவேன். நீங்கள் எதிரே உட்கார்ந்து சாப்பிடும்போதும் அதையேதான் தேடிக்கொண்டிருப்பேன். அப்படி ஒரு குடித்தனம் எனக்கு வேண்டாம் மாமா.

சுகிர்தா