உன்னை வளர்த்த ஃப்ரைடு ரைஸ்

கரையான்சாவடி,
மார்கழி முதல் வாரம்.

அன்புள்ள மகன் எழிலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். புனேயில் குளிர் அதிகமாமே, காதை மூடிக்கொண்டு வண்டி ஓட்டு. போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

நம் ரோட்டிலிருந்த பழைய ஃபாஸ்ட் ஃபுட் கடையைப் பற்றி முகநூலில் உருகி உருகி எழுதியிருக்கிறாயாம். உன் தங்கை ரேவதி படித்துக் காட்டினாள். ‘என்னை வளர்த்தது ரசாக் பாய் போட்ட ஃப்ரைடு ரைஸ்’ என்று ஒரு வரி. ஏண்டா, அப்போது நான் யார், பக்கத்து வீட்டுக்காரியா? வத்தக்குழம்பும் அப்பளமும் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். நீ வாயெல்லாம் சாஸ் சிவப்போடு வந்து பசிக்கவில்லை என்பாய். பாலிதீன் விரித்த அந்தத் தட்டில் அப்படி என்னதான் மருந்து வைத்தாரோ! கடையை மூடிய அன்று எனக்குத் தீபாவளி.

கட்டடம் அப்படியே இருக்கிறது. நடுவில் செல்போன் கடை வந்தது, அடகுக்கடை வந்தது. மெட்ரோவுக்கு ரோட்டைத் தோண்டியபோது பூட்டிக் கிடந்தது. இப்போது ரத்தப் பரிசோதனை நிலையம். எனக்குச் சர்க்கரை லேசாக எட்டிப் பார்க்கிறது, பயப்படாதே. அதற்காகத்தான் வெறும் வயிற்றோடு போனேன். ரசாக் பாயின் அடுப்பு எரிந்த மூலையிலேயே உட்காரவைத்து ஊசி குத்தினார்கள். சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டுமாம்.

வெளியே வந்தால் வாசலிலேயே ஒரு தள்ளுவண்டி. ரசாக் பாய்! ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறவர்களுக்கு பிரெட் ஆம்லெட் போடுகிறார். பசி கண்ணை அடைத்தது, வேறு வழியில்லாமல் வாங்கினேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

அந்த நேரம் பார்த்து, “இன்னாம்மா, தம்பி பொங்கலுக்கு வந்துகினு கீது, உங்க மூஞ்சில சந்தோசத்தையே காணோம்” என்றார். தின்றுகொண்டிருந்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்தேன். என்னிடம் லீவு இல்லை என்றுதானே சொன்னாய்? பாய் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, “அய்யோ, அம்மாவாண்ட சொல்லாதீங்க பாய்னு தம்பி போன்ல சொல்லிச்சே” என்று தலையில் அடித்துக்கொண்டார். திடீரென்று வந்து நின்று என்னை அசத்தப்போகிறாயாம். இரண்டு வருடமாக வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பவள் நான், வருகிற சேதி மட்டும் அவருக்கா? பெற்ற வயிறு பற்றி எரிகிறதடா. இரண்டாவது ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தது. டாக்டர் ரொட்டியால் என்கிறார். எனக்கல்லவா தெரியும்.

பாயைத் திட்டாதே, பாவம். மனுஷன் வெகுநேரம் உன்னைப் பற்றியே பேசினார், நானும் நின்று கேட்டேன். உனக்கு முட்டைக்கோஸ் பிடிக்குமாம், கூடுதலாகப் போடச் சொல்வாயாம். வீட்டில் ஒரு நாளும் நீ அதைத் தொட்டதில்லையே.

ரயிலைவிட்டு இறங்கி நேரே அவர் வண்டிக்குப் போனாலும் போ, ஒன்றும் சொல்ல மாட்டேன். நல்லபடியாக வந்து சேர், கண்ணு. வீட்டுக்கு வரும்போது மட்டும் வயிற்றில் ஒரு பிடி சோற்றுக்கு இடம் வைத்துக்கொண்டு வா.

உன் அம்மா,
பத்மா