திங்கட்கிழமை வந்த பெரிய வெள்ளி

அன்பு மகளுக்கு,

உன்னையும் மாப்பிள்ளையையும் பிள்ளையையும் மாதா தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும். இங்கே அம்மாவும் நானும் சுகம் என்றுதான் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன், மற்றதைக் கேள்.

அம்மாவுக்கு மறதி முற்றிவிட்டது. விடிந்தால் போதும், "வீட்டுக்குப் போகணும், கதவைத் தொறங்க" என்று ஆரம்பித்துவிடுகிறாள், இருப்பதே வீட்டில்தான் என்று சொன்னால் என்னை ஏமாற்றுக்காரனைப் போலப் பார்க்கிறாள். இரண்டு முறை நடுரோட்டில் போய் நின்ற பிறகு கதவைப் பூட்டி, சாவியை மாதா படம் தைத்த உத்தரியக் கயிற்றோடு சேர்த்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவன் இப்போது ஹாலுக்கும் சமையலறைக்கும் பதினோரு எட்டு நடக்கிறேன். பூட்டியது அவளுக்காக, மாட்டிக்கொண்டது நான்.

அவளை உட்கார வைக்க ஒரே வழி திருநாள்தான். இன்று அந்தோணியார் நவநாள், ஃபாதர் வீட்டுக்கு வருகிறார் என்றால் தலை சீவிக்கொண்டு அமைதியாக உட்கார்ந்துவிடுவாள். இந்த மாதம் மட்டும் மாதாவுக்கு மூன்று பிறந்தநாள் கொண்டாடிவிட்டோம். பொய்தான், ஆனால் அந்தத் திருநாளின் செபத்தைச் சேர்ந்து சொல்லும்போது எனக்கே நெஞ்சு லேசாகிவிடும். என் பெயர் நினைவில்லாதவள் மாதா மன்றாட்டுமாலையில் ஒரு வார்த்தையும் விடுவதில்லை. போன திங்கட்கிழமை அவள் கதவைப் போட்டு உலுக்கியபோது எந்தத் திருநாளும் வாயில் வராமல், "இன்னைக்குப் பெரிய வெள்ளி, சத்தம் போடக்கூடாது" என்று சொல்லித் தொலைத்தேன். உடனே கோயிலில் சுரூபங்களை மூடுவதைப் போலத் தலையணை உறையை எடுத்துத் திருஇருதயப் படத்தை மூடினாள், ஒருசந்தி என்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினாள். மறுநாளும் அவளுக்குப் பெரிய வெள்ளிதான். நேற்றைய சாப்பாடு மறந்துபோகும், இது மட்டும் எப்படி நின்றதோ தெரியவில்லை. உயிர்ப்பு ஞாயிறு வந்துவிட்டது என்று கெஞ்சினால், "இன்னும் மணி அடிக்கலையே" என்றாள். பெரிய வியாழனோடு நிற்கும் கோயில் மணி உயிர்ப்புப் பூசையில்தானே மறுபடி அடிக்கும். இரண்டு நாள் வெறும் தண்ணீர். புதன்கிழமை மத்தியானம் ஜன்னலையெல்லாம் சாத்தி அந்த நடு இரவுப் பூசை போல இருட்டாக்கி, கரண்ட் போனால் ஏற்றும் மெழுகுவர்த்தியை ஏற்றி, டம்ளரைக் கரண்டியால் தட்டி மணியடித்து, என் கட்டைக்குரலில் அல்லேலூயா பாடினேன். கீழ்வீட்டுக்காரர் ஓடிவந்து கதவைத் தட்டினார். அம்மா படத்து உறையை எடுத்துவிட்டு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள். நான் குளியலறைக்குள் போய் அழுதேன்.

மாத முதல் வெள்ளிக்கு வீட்டுக்கு நற்கருணை கொண்டுவரும் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்றால் அம்மா என் கையை விடுவதில்லை, அதனால் உன்னிடம் சொல்கிறேன். மறுநாள் வியாழக்கிழமை அவள் தூங்கும்போது கேஸை அணைத்தேன், வெளியே பூட்டினேன், இறங்கிப்போய் பஸ் ஏறினேன். கடைசி ஸ்டாப்புக்கு டிக்கெட் எடுத்தேன். திரும்புவதாக நினைக்கவில்லை, மகளே. நாலாவது ஸ்டாப்பில் சட்டைப்பையில் கையை விட்டால் அவளுடைய செபமாலை, எப்போது எடுத்துப் போட்டேனோ. எழுந்ததும் அதைத்தானே தேடுவாள் என்று இறங்கிவிட்டேன். கதவைத் திறந்தபோது விரல் கணுக்களை எண்ணிச் செபித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "அவரு டியூட்டிக்குப் போயிருக்காரு, வந்துடுவாரு, உட்காருங்க" என்றாள்.

நீ விடுமுறை கிடைக்கவில்லை என்பாய், நானும் போனில் நல்லாத்தான் இருக்கிறேன் என்பேன். அதை நம்பாதே. ஒரு மாதம் வந்து இரு. அம்மாவுக்காக அல்ல, உன்னை அவளுக்கு அடையாளம் தெரியாது. எனக்காக வா.

மூவர் நெற்றியிலும் சிலுவை வரைந்து ஆசீர்வதிக்கிறேன். பிள்ளைக்கு இரவுச் செபம் சொல்லிக்கொடு, வேலை வேலை என்று சாப்பிடாமல் இருக்காதே. டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல், தள்ளிப்போடாதே. அந்த பஸ் தினமும் பத்தே காலுக்கு நம் ஜன்னலுக்கு நேர் கீழேதான் நிற்கிறது.

இப்படிக்கு,
உன் அப்பா