கையை விட்டுவிடவும்

சித்தூர்
12-9-1946

அன்பு மகன் நேசகுமாருக்கு அம்மா சொல்ல உன் தங்கை எலிசபெத் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நாக்பூரில் நீ முழுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம், இங்கே நாங்கள் முக்கால் சுகம். மீதிக் கால் பங்கைக் கெடுத்தவர்கள் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை, சொல்கிறபடியே எழுது, மெருகு போடாதே என்று இவளிடம் சொல்லியிருக்கிறேன்.

நைனாவுக்கு வாதம் வந்து வலது கை விழுந்ததும், திருப்பதி ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் வைத்திருந்ததும் உனக்குத் தெரியும். அங்கே கைவேலை அறை என்று ஒன்று, மிஸ் அம்சவேணி என்கிற பெண் நோயாளிகளைக் கயிறு திரிக்கவும் பொத்தான் போடவும் வைத்துக் கைக்கு உயிர் வரவழைக்கிறாள். நைனா தானாகவே சோற்றை அள்ளும் அளவுக்கு வந்துவிட்டார். வீட்டுக்கு அனுப்பும்போது, இங்கே வீடுவீடாய்ப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் சேவைச் சங்கத்து ஜெயசீலிக்கு என்று ஒரு சீட்டு கொடுத்தார்கள். "சாப்பிடும்போது வலது கையை விட்டுவிடவும்" என்று ஒரே வரி. அந்தக் கை இனி உதவாது என்று ஜெயசீலி எடுத்துக்கொண்டாள். துணித் தொட்டிலில் கையை நெஞ்சோடு கட்டிவிட்டு மத்தியானம் அவள் ஊட்ட, ராத்திரி நான் ஊட்டினேன். மனசாரத்தான் செய்தாள், அதுதான் என் வயிற்றெரிச்சல். நைனா மட்டும் "நான் இன்னா ஞானஸ்நானத்துக்கு வந்த கொயந்தையா, வாயைத் தொடைச்சிக்கினே கீறே" என்று முறைப்பார். மூன்று வாரத்தில் விரல்கள் மடங்கி இறுகிவிட்டன. நம் வம்சத்திலேயே முதல் பி.ஏ. உன் தங்கை, ஈ உட்கார்ந்தபோது தொட்டிலுக்குள் கட்டைவிரல் அசைந்ததை ஒரு வாரமாகப் பார்த்தும் வாய் திறக்கவில்லை, ஜெயசீலி அக்கா தப்பாக நினைப்பார்களாம். இதையும் எழுது என்றேன், தலையைக் குனிந்துகொண்டு எழுதுகிறாள். ஆனாலும் சீட்டை வாங்கிப் படித்து, இதற்கு இரண்டு அர்த்தம் இருக்கிறது அம்மா என்று கண்டுபிடித்தவளும் இவள்தான்.

மறுநாளே ஜெயசீலியை இழுத்துக்கொண்டு பாகாலா வழியாகத் திருப்பதிக்குப் போனேன். ஜெயசீலி "வுட்டுடுன்னு போட்டுக்கீது, வுட்டுட்டேன்" என்கிறாள். அம்சவேணி "அது பாட்டுக்கு வேலை செய்யட்டும், யாரும் புடிக்காதீங்கன்னுதானே எழுதினேன்" என்று கண்ணைத் துடைக்கிறாள். ஒரே மனுஷனுடைய கையைப் பார்க்கிற இரண்டு பேர், அன்றைக்குத்தான் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கிறார்கள். சீட்டு கொடுப்பதுதான் எங்கள் வழக்கம் என்றார் அந்த ஆஸ்பத்திரிப் பெரியவர். சந்தேகம் கேட்டால் சீட்டு பதில் சொல்லுமா ஐயா என்றேன். பிறகு ஜெயசீலி ஒரு நாள் முழுக்க அந்த அறையில் உட்கார்ந்து பார்த்து வந்தாள். இப்போது வியாழன்தோறும் அம்சவேணி ரயிலில் வருகிறாள், இருவரும் நைனா பக்கத்தில் உட்கார்ந்து அவரையும் கேட்டு அடுத்த வாரத்துக்கு முடிவு செய்கிறார்கள். மற்ற வீடுகளுக்கும் இப்படியே என்று சங்கத்தில் ஒப்புக்கொண்டார்கள், நான் கத்தாமல் இருந்திருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார்களா. விரல்கள் பாதிதான் நிமிர்ந்திருக்கின்றன, மீதிக்கு அம்சவேணியும் உறுதி சொல்லவில்லை.

ஊட்டிவிட ஆள் வைக்கச் சொல்லி எழுதியிருந்தாயே, அந்தப் பேச்சே வேண்டாம். மழையில் நனையாதே. கிறிஸ்துமஸுக்கு வரும்போது நைனா பாதிச் சோற்றைச் சிந்தினாலும் அவர் தட்டில் கை வைக்காதே, சும்மா பார்த்துக்கொண்டிரு, அதுதான் கஷ்டம். கர்த்தர் உன்னைத் தம் கண்ணிலே வைத்துக் காக்கட்டும். கையெழுத்தை நைனாவே போடுவாராம். சத்தியநாதன் என்று முழுதாக வருமோ வராதோ, நாங்கள் யாரும் கையைப் பிடிக்கவில்லை.

இப்படிக்கு,
சத்தியநா